தொட்டால் பேசும் பலகை

மருந்தகத்தில் டாக்டர் சொல்லச் சொல்லத் தலையாட்டுகிறோம். வீட்டு வாசலை மிதிப்பதற்குள் பாதி மறந்துவிடுகிறது. இது நம் ஒருவருடைய குறையன்று. நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்கள் மூவரில் ஒருவருக்கு உடல்நலச் செய்திகளைப் புரிந்து நடப்பது கடினம் என்று தெரிந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது.

முன்பு தோட்டத்து டிரெசர் வாயால் சொன்னதுதான் நமக்குப் பாடம். இன்று அதற்குத் துணையாகத் தட்டைக் கணினி வந்திருக்கிறது. சிலேட்டு அளவுள்ள இந்தப் பலகையில் செயலி ஒன்றைத் தொட்டால் படம் ஓடும், குரல் பேசும். புரியாத இடத்தில் நிறுத்தலாம். பத்து முறை திரும்பக் கேட்கலாம். எழுத்தறியாத பாட்டிக்கும் இது பயன்படும். 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பிள்ளையின் பாடத்திற்கு வாங்கிய பலகை வீட்டில் இருந்தால், அதுவே போதும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குளுவாங் வட்டாரத்தில் இன்சுலின் போடும் ஒருவர், ஊசி போட்டுக்கொண்டு, வெறும் காப்பியோடு விடியற்காலையில் பால்வெட்டவோ செம்பனைக் குலை அறுக்கவோ போகிறார். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண் இருட்டுகிறது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது. உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். தெளிந்ததும் உணவு உண்ண வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 999ஐ அழைக்க வேண்டும். இவற்றைப் படமாக நாலு முறை பார்த்த மனைவியும் மக்களும் ஆபத்து வேளையில் கைபிசைந்து நிற்கமாட்டார்கள்.

பார்த்தால் மட்டும் போதாது. படம் முடிந்ததும் பலகையை மூடிவிட்டு, “இப்போது நீங்கள் சொல்லுங்கள், அப்பா” என்று பிள்ளை கேட்கட்டும். சொந்தச் சொல்லில் திருப்பிச் சொன்னால்தான் புரிந்ததாகப் பொருள்.

ஓர் எச்சரிக்கை. பலகையில் வருவதெல்லாம் மருத்துவமாகாது. “இந்தச் சாற்றைக் குடித்தால் ஊசியே வேண்டாம்” என்போரும் அதில் உண்டு. சுகாதார அமைச்சோ மருத்துவமனையோ வெளியிட்டதா என்று முதலில் பாருங்கள். ஐயம் இருந்தால் மருந்தகத் தாதியிடம் காட்டிக் கேளுங்கள். மருந்தின் அளவை நாமாக மாற்றக்கூடாது. காலையில் எத்தனை மணிக்கு வேலைக்கு இறங்குகிறோம், எப்போது சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் சொன்னால், அதற்கேற்ப அவர் ஊசி நேரத்தை வகுத்துத் தருவார்.

பலகை டாக்டருக்கு மாற்றன்று. அவர் சொன்னதை நம் வீட்டில் மறுபடி சொல்லும் வாய். அதை நல்லபடி பயன்படுத்திக்கொள்வோம்.