நின்ற காரில் விழித்திருக்கும் கேமரா

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டக் குடியிருப்புகளிலும் ஆயர் குரோ போன்ற நகர்ப்பகுதிகளிலும் ஓடும் மைவி, சாகா முதலிய சிறிய கார்களின் முன்கண்ணாடியில் டேஷ்கேம் எனப்படும் பதிவுக் கேமரா இடம்பெறத் தொடங்கிவிட்டது. சிகரெட் லைட்டர் துளையில் செருகிய கேமரா பல கார்களில் சாவியை அணைத்ததும் தானும் அணைந்துவிடுவதால், நிறுத்திய காரையும் அது காவல் காக்க வேண்டுமென விரும்புவோர் அதை நேரடியாகப் பியூஸ் பெட்டியில் இணைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு கேமரா அணைந்தாலோ, விடியற்காலை வேலைக்குப் புறப்படும்போது கார் கிளம்ப மறுத்தாலோ பழி கேமராவின் மேல் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் பிழை இணைப்பில்தான் இருக்கிறது.

பியூஸ் பெட்டிக்கும் கேமராவுக்கும் இடையிலான இணைப்புக் கருவி காரின் 12 வோல்ட்டைக் கேமராவுக்கு வேண்டிய 5 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதில் பொதுவாக மூன்று கம்பிகள் உண்டு: எப்போதும் மின்சாரம் உள்ள பியூஸுக்கு மஞ்சள், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி பியூஸுக்குச் சிவப்பு, எர்த் எனப்படும் காரின் உலோக உடலுக்குக் கறுப்பு. நிறங்கள் தயாரிப்பாளருக்கேற்ப மாறக்கூடும் என்பதால் கருவியோடு வரும் தாளைப் பார்த்துக்கொள்வது நல்லது. சிவப்புக் கம்பி தவறுதலாக எப்போதும் மின்சாரம் உள்ள பியூஸில் மாட்டப்பட்டால், கார் ஓடிக்கொண்டே இருப்பதாகக் கேமரா எண்ணி முழு வேகத்தில் பதிவு செய்துகொண்டே இருக்கும்.

நிறுத்தக் கண்காணிப்பில் கேமரா சுமார் 0.25 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 24 மணி நேரத்தில் 6 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய காரின் பேட்டரி கொள்வது ஏறத்தாழ 35 ஆம்பியர்-மணிதான். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் பக்கம் நிறுத்திய காரைச் சுற்றி இடைவிடாமல் ஆள் நடமாட்டம் இருப்பதால், அசைவைக் கண்டு விழிக்கும் கேமரா அன்று கூடுதலாகவே மின்சாரம் உண்ணும். பேட்டரி முற்றிலும் வடிந்துபோவதைத் தடுக்கவே, மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கருவி தானே துண்டித்துக்கொள்கிறது. முழு மின்னேற்றம் பெற்று ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டும், பாதியளவில் ஏறத்தாழ 12.2 வோல்ட்டும் காட்டும் என்பதால், பழைய பேட்டரி உள்ளவர்கள் துண்டிப்பு அளவை 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

இந்த இணைப்புக் கருவி பேட்டரியை நேராகப் பார்ப்பதில்லை; தன் கம்பி முனைகளில் வந்து சேரும் மின்னழுத்தத்தையே பார்க்கிறது. கறுப்புக் கம்பியைப் பெயின்ட் பூசிய போல்ட்டிலோ துருப்பிடித்த இடத்திலோ முடுக்கினால், அங்கே 1 ஓம் தடை உருவானாலும், கேமரா 0.4 ஆம்பியர் இழுக்கும்போது 0.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தும் கருவிக்கு 12.1 மட்டுமே தெரிவதால், அது உடனே கேமராவை அணைத்துவிடுகிறது. புதுப் பேட்டரி வாங்கினாலும் இது தீராது. கேமரா ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும் மற்றொன்றைக் கறுப்புக் கம்பியின் முனையிலும் வைத்துப் பார்த்தால், நல்ல எர்த் ஏறத்தாழ சுழியமே காட்டும். வோல்ட்டின் பத்தில் சில பங்கு தெரிந்தால் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, மீண்டும் இறுக்க வேண்டும்.

கம்பிகளைப் பியூஸ் பெட்டியில் மாட்டுவதற்காகப் பழைய பியூஸோடு கூடுதல் பியூஸைச் சேர்க்கும் இணைப்பானுக்கும் திசை உண்டு. பியூஸைப் பிடுங்கியபின் 12 வோல்ட் காட்டும் துளைதான் மின்சாரம் வரும் பக்கம். இரு பியூஸ்களுக்கும் பொதுவான கால் அதில் இறங்கினால் இரண்டின் வழியாகவும் மின்சாரம் தனித்தனியே பாயும், தலைகீழாகச் செருகினால் கேமராவின் சுமையும் பழைய பியூஸின் வழியாகவே போகும். எரிந்த பியூஸுக்குப் பதில் பெரியதைப் போடுவது கம்பியையே எரியவிடும் ஆபத்தான செயல். ஏர்பேக் பியூஸைத் தொடவே கூடாது. முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் திரை ஏர்பேக் இருந்தால் கேமராவுக்குச் செல்லும் கம்பி அதன் பின்புறமாகவே செல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் காரில் மின்னல் எஃப்எம் வானொலி இரைந்தால், கருவியைப் பியூஸ் பெட்டியிலிருந்தே கழற்றிப் பார்க்கலாம். இரைச்சல் நின்றால் காரணம் மின்னழுத்தம் குறைக்கும் அந்தச் சிறு பெட்டிதான், அதையும் அதன் கம்பிகளையும் ஆண்டெனா வயரிலிருந்து தள்ளிக் கட்டினால் பெரும்பாலும் குறைந்துவிடும்.