உருளையில் அடங்கும் பிராணவாயு

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை நாட்டைத் தாக்கியபோது, மருத்துவமனைகளில் பலரது கவலை நிறைந்த பார்வை அழுத்தமானியின் முள்ளிலேயே நிலைத்திருந்தது. உருளையில் எஞ்சியுள்ள பிராணவாயு எவ்வளவு நேரத்திற்குப் போதும் என்பதை அம்முள்ளைக் கொண்டே கணக்கிட இயலும். அக்கணக்கிற்கு அடிப்படை, ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதியாகும்.

ஒரு முனை மூடிய வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி, உள்ளே அகப்பட்ட காற்று எவ்வளவு சுருங்குகிறது என்பதை அவர் அளந்தார். அழுத்தம் இரு மடங்கானபோது கன அளவு பாதியாயிற்று. வெப்பநிலை மாறாதிருக்கும் வரை, குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வரும் தொகை மாறுவதில்லை.

பத்து லிட்டர் நீர் கொள்ளும் உருளையொன்றில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 150 மடங்கு அழுத்தத்தில் பிராணவாயு நிரப்பப்பட்டிருப்பதாகக் கொள்வோம். வெளிவரும்போது அது ஏறத்தாழ 1,500 லிட்டராக விரியும். நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் நோயாளிக்குச் செலுத்தினால் இரண்டரை மணி நேரத்திற்கு வரும். முள் 50-க்கு இறங்கிவிட்டால், எஞ்சியிருப்பது 50 நிமிடமே. மாற்று உருளை அதற்கு முன்பே வந்து சேர வேண்டும்.

வெப்பநிலை பற்றிய நிபந்தனை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. விரைந்து நிரப்பும்போது உருளை சூடேறுகிறது. ஆறியபின் அழுத்தம் தானே குறைகிறது. இதனைக் கசிவு எனக் கருதுவது தவறு. சமையல் எரிவாயு உருளைக்கோ இக்கணக்கு பொருந்தாது. அதில் இருப்பது பெரும்பாலும் திரவம். திரவம் உள்ளவரை, வெப்பநிலை மாறாவிடில் அழுத்தமும் குறையாது. அதனால்தான் அதை எடை போட்டு வாங்குகிறோம்.

அழுத்தி அடைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 7,000 லிட்டர் பிராணவாயுவின் எடை ஏறத்தாழ 9 கிலோ. அதைத் தாங்கும் எஃகு உருளையின் எடையோ அதைப்போல் பன்மடங்கு. நெடுந்தொலைவுக்கு இரும்பைச் சுமந்து செல்வது சிக்கனமாகாது. ஆகவே, வாயுவைச் சுமார் -183 பாகைக்குக் குளிர்வித்துத் திரவமாக்குகின்றனர். ஒரு லிட்டர் திரவம் 800 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவைத் தரும். ஆனால் இதற்குத் தனிவகைத் தொட்டி வண்டிகள் தேவை. 2021-ல் கிழக்குப் பகுதி எஃகு ஆலைகளில் கிடைத்த பிராணவாயுவை மற்ற மாநிலங்களுக்குக் கொண்டுசெல்வதில் இவ்வண்டிகளின் பற்றாக்குறையே பெருந்தடையாயிற்று. நைட்ரஜன், ஆர்கான் வண்டிகள் மாற்றியமைக்கப்பட்டன. காலி வண்டிகளை விமானப்படை ஏற்றிச் சென்றது. நிரம்பியவை ரயிலில் பயணம் செய்தன.