குதிரையின் நம்பிக்கையைப் பெறுதல்

கோலாலம்பூரிலுள்ள இஸ்தானா நெகாராவின் வாயிலில், குதிரைமீது அமர்ந்து காவல் புரியும் வீரர்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சுற்றுப்பயணிகள் சூழ்ந்து நின்று படம் எடுப்பார்கள். அத்தனை ஆரவாரத்துக்கு நடுவிலும் குதிரை அமைதியாக நிற்கும். இயல்பில் குதிரை மிகுந்த அச்சமுள்ள விலங்கு. அத்தகைய விலங்கு மனிதரிடம் எவ்வாறு நம்பிக்கை கொள்கிறது?

முதலில் குதிரையின் இயல்பை அறிவோம். புல் மேய்ந்து வாழும் குதிரையை, திறந்த வெளிகளில் ஓநாய் போன்ற விலங்குகள் வேட்டையாடி வந்தன. ஓடித் தப்புவதே அதற்கு முதன்மையான பாதுகாப்பு. ஆகவே, ஆபத்து என்று தோன்றிய உடனே ஓடிவிடும். என்னவென்று பிறகுதான் திரும்பிப் பார்க்கும். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளதால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறத்தைக் காண முடியும். எனினும், வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் இருப்பவை அதற்குத் தெரிவதில்லை. காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பி ஒலியைத் தேடும். ஓர் ஈ வந்து அமர்ந்தால்கூட அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து அதனை உதறிவிடும். இவ்வளவு கூரிய உணர்வுடைய விலங்கை அச்சுறுத்தி அடக்கலாம். ஆனால், அதன் நம்பிக்கையை அச்சத்தால் பெற முடியாது.

இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்கள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகளை வாங்கினர். ஒவ்வொரு மன்னரும் ஆண்டுதோறும் 2000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 குதிரைகள்கூட எஞ்சவில்லை என்றும் வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ எழுதியுள்ளார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கு இல்லாததே காரணம் என்பது அவர் கருத்து. குதிரை வணிகம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, குதிரை மருத்துவர்கள் அங்கே செல்வதை வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், புதிதாக வந்த குதிரைகளை 40 நாள்கள் கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, முறையாகப் பழக்காமலே வீரர்கள் அவற்றின்மீது ஏறினர் என்கிறார். வலிமையும் வேகமும் மிக்க குதிரைகள் சிறிது காலத்திலேயே தளர்ந்து போயினவாம். பொன் கொடுத்துக் குதிரையை வாங்க முடிந்தது. அதனோடு பழகும் முறையை அவ்வாறு வாங்க முடியவில்லை.

மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் மாடு வளர்த்த குடும்பங்களுக்கு இந்த உண்மை நன்கு தெரியும். அறிமுகமில்லாதவர் மடியைத் தொட்டால் பசு உதைக்கும்; பாலையும் அடக்கிக்கொள்ளும். நாள்தோறும் பெயர் சொல்லி அழைத்து, கழுத்தைத் தடவிக் கொடுப்பவரிடம் அதே பசு அமைதியாக நின்று பால் சுரக்கும். குதிரையிடமும் இத்தகைய பழக்கமே தேவை.

அறிவியலும் இதனை உறுதிப்படுத்துகிறது. குதிரைகள் ஒன்றன் கழுத்தை மற்றொன்று பற்களால் மெல்லக் கோதிவிடுவது வழக்கம். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுப்பகுதியே அவற்றுக்கு மிகவும் பிடித்த இடம். பிரான்சு நாட்டின் கமார்க் குதிரைகளைப் பற்றி 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்த இடத்தைக் கோதிவிடும்போது குதிரையின் இதயத்துடிப்புக் குறைகிறது என்று காட்டியது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டினர். சினந்த முகத்தைக் கண்டபோது அவற்றின் இதயத்துடிப்பு விரைவாக உயர்ந்தது. நாம் எந்த மனநிலையில் நெருங்குகிறோம் என்பதைக் குதிரை கவனிக்கிறது என்பது இதிலிருந்து புலனாகிறது.

அப்படியென்றால், குதிரையோடு எவ்வாறு பழகுவது? கடிவாளமும் சேணமும் இல்லாமல், எந்த வேலையும் வாங்காமல், மேய்ச்சல் நிலத்தில் அதனோடு நேரம் செலவிடுவது நல்ல தொடக்கமாகும். குதிரையின் பார்வையில் படும்படி, அதன் தோளை நோக்கி மெதுவாக நடக்க வேண்டும். சில அடி தொலைவிலேயே நின்றுவிட வேண்டும். அது தலையைத் தூக்கினாலோ விலகினாலோ நாமும் ஓரடி பின்வாங்க வேண்டும். தன் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு என்பதைக் குதிரை இவ்வாறு உணரத் தொடங்கும். பெரும்பாலும் ஆர்வம் அச்சத்தை வெல்லும். குதிரையே நம்மை முகர்ந்து பார்க்க வரும். அப்பொழுது அதன் முகத்தைப் பிடிக்கக் கை நீட்டாமல், தோள் மேட்டை மெல்லச் சொறிந்து கொடுக்கலாம்.

நெருக்கம் வளர்ந்தபின் விளையாடலாம். நாம் நடந்தால் அதுவும் நடக்கும். நாம் நின்றால் அதுவும் நிற்கும். ஒரு பெரிய பந்தை உருட்டிவிட்டால் அதை மூக்கால் தள்ளிப் பார்க்கும். இத்தகைய விளையாட்டுகளின்போது அதன் காதுகளைக் கவனிப்பது அவசியம். காதுகள் முன்னோக்கி இருந்தால் அது ஆர்வமாக உள்ளது எனலாம். காதுகளைப் பின்புறமாக அழுத்தி மடக்கினால் அது சினந்துள்ளது. உடனே விலகிவிட வேண்டும். குதிரை சலிப்படைவதற்கு முன்னரே விளையாட்டை முடித்துக்கொள்வது நல்லது. அதன் பின்னால் ஒருபோதும் நிற்கக் கூடாது. பயிற்றுநர் உடன் இல்லாமல் மேய்ச்சல் நிலத்துக்குள் செல்லவும் கூடாது.

ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சினத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்பது அதில் அவர் வலியுறுத்தும் கருத்துகளுள் ஒன்று. கட்டாயத்தால் குதிரை செய்யும் செயலில் புரிதலும் இராது, அழகும் இராது என்றார் அவர்.

குதிரையை அருகில் காணும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஆனால், நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு கன்றோ ஆடோ பூனையோ இருக்கக்கூடும். பெரியவர் ஒருவரின் துணையோடு, தின்பண்டம் எதுவும் காட்டாமல், அதனருகே பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து பாருங்கள். முதல் நாள் அது விலகிப் போகலாம். சில நாள்களில் அதுவே உங்களை நாடி வரக்கூடும். அதுவரை காத்திருக்கும் பொறுமைதான் இப்பழக்கத்தில் நம்முடைய பங்கு.