கடைக்கு மாற்று லேப்டாப்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஒரு காலத்தில் நம் கடைகளில் கணக்குப்பிள்ளையும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று ஒரு லேப்டாப் இருக்கிறது. பில் போடுவது, சரக்கு இருப்புப் பார்ப்பது, வாடிக்கையாளர் பாக்கி, மொத்த வியாபாரிக்கு நாம் கொடுக்க வேண்டியது, ஜிஎஸ்டி கணக்கு என்று அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அது ஓடிக்கொண்டிருக்கும் வரை அதைப் பற்றி நாம் நினைப்பதில்லை. நின்ற பிறகுதான் நினைக்கிறோம்.

எங்கள் கடையிலும் அப்படித்தான் நேர்ந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஏழு ஆண்டு உழைத்த லேப்டாப் ஒரு காலையில் திறக்கவில்லை. பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்துவிட்டு ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார். கடைசியாக நாங்கள் பென் டிரைவில் பிரதி எடுத்தது நான்கு மாதத்துக்கு முன்பு. இடைப்பட்ட நான்கு மாதத்துக் கடன் பாக்கிக்கு எங்களிடம் எழுத்து எதுவும் இல்லை. விஷயம் கேள்விப்பட்டுத் தாமாகவே வந்து பாக்கியைச் சொல்லிக் கட்டியவர்கள் பலர். அவர்களுக்கு எங்கள் நன்றி என்றும் உண்டு. நினைவில்லை என்றவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. கணக்கை வைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தானே.

அந்தப் பதற்றத்தில் இரண்டாவது தவறும் செய்தோம். அன்று மாலையே போய், விலை குறைவு என்று காட்டப்பட்ட ஒரு புது லேப்டாப்பை வாங்கி வந்தோம். பார்க்க மெல்லியதாக, அழகாக இருந்தது. கீபோர்டில் தனி எண் பகுதி இல்லை. பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் இரண்டையும் சேர்த்துச் சொருக இடம் இல்லை. மெமரி 4 ஜிபி மட்டுமே. ஒரு பில் முடிந்து அடுத்த பில் திறப்பதற்குள் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். இந்த இரண்டு தவறுகளும் மற்ற கடைகளில் நடக்க வேண்டாம் என்ற எண்ணத்தில்தான், பிறகு நாங்கள் கேட்டும் பட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

மாற்றத்தான் வேண்டுமா?

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய லேப்டாப்புகளில் சுழலும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க் இருக்கும். அது நொடிக்குச் சுமார் 100 எம்பி அளவில் படிக்கும். அதே இடத்தில் பொருத்தக்கூடிய எஸ்எஸ்டி சுமார் 500 எம்பி அளவில் படிக்கும். டிஸ்கை மாற்றி, மெமரியை 4 ஜிபியிலிருந்து 8 ஜிபியாகக் கூட்டினால், புது லேப்டாப் விலையில் ஒரு பகுதியிலேயே வேலை முடிந்துவிடலாம்.

ஆனால் இதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சிறிது காலம் நீட்டித்தது. பேங்க் கணக்கும் ஜிஎஸ்டி தளமும் திறக்கும் கணினியில் பாதுகாப்புத் திருத்தம் வராமல் இருப்பது, கல்லாவைப் பூட்டாமல் வீட்டுக்குப் போவதைப் போன்றது. ஆகவே நம் லேப்டாப் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கிறதா என்பதே முதல் கேள்வி.

இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக ஏற்கும். இதைத் தெரிந்துகொள்வது எளிது. ஐ3, ஐ5 என்ற பெயரை அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றால் ஏழாம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10210 என்று ஐந்து இலக்கமாக இருந்தால் பத்தாம் தலைமுறை. எட்டும் அதற்கு மேலும் என்றால் எஸ்எஸ்டி போட்டு ஓட்டலாம். ஏழும் அதற்குக் கீழும் என்றால் அதில் மேலும் பணம் போடுவது வீண் செலவு.

சாப்ட்வேருக்கு ஏற்ற லேப்டாப்

கடைக்குப் போய் லேப்டாப்பைப் பார்ப்பதற்கு முன், நம் பில்லிங் சாப்ட்வேர் எதில் ஓடும் என்று பார்க்க வேண்டும். டேலி போன்றவை விண்டோஸில் ஓடுபவை. விலை குறைவு என்று க்ரோம்புக் வாங்கினால் அதில் டேலியை நேரடியாக ஏற்ற முடியாது. பில்லிங் முழுவதும் இன்டர்நெட் வழியாகவே நடக்கும் கடைகளுக்கு மட்டும் அது ஒத்து வரலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டேலி லைசென்ஸ், அது ஏற்றப்பட்ட கணினியோடு பிணைந்தது. பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே அதில் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்துவிட்டுப் புதியதில் ஏற்றுவதே எளிய வழி. இதைச் செய்யாமல் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால், பிறகு டீலர் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

எதில் செலவு, எதில் சிக்கனம்?

நம்மில் பலரும் மனத்தில் வைத்திருக்கும் தொகை முப்பதாயிரம் ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தத் தொகைக்குள் எல்லாம் கிடைக்காது. எதை விடக்கூடாது, எதை விடலாம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

விடக்கூடாதவை இவை. மெமரி 8 ஜிபி. சேமிப்புக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ஏற்கவே 4 ஜிபி மெமரியும் 64 ஜிபி இடமும் இருந்தால் போதும் என்பது குறைந்தபட்ச விதி. ஆனால் அந்த அளவில் கடை வேலை நகராது. மிகக் குறைந்த விலைப் புது லேப்டாப்புகள் சிலவற்றில் மெமரியும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட வழியில்லை. “மெமரியைப் பின்னால் கூட்ட முடியுமா?” என்ற கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அடுத்தது எண் பகுதி. நாள் முழுவதும் விலையும் எடையும் அடிக்கும் நமக்கு அது கை போன்றது. 15.6 அங்குலத் திரையுள்ள லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருக்கும். 14 அங்குலத்தில் பெரும்பாலும் இராது. அப்படி இல்லாவிட்டால் யுஎஸ்பியில் சொருகும் தனி எண் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பில் பிரிண்டர், ஸ்கேனர், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் எத்தனை யுஎஸ்பி வேண்டும் என்று வீட்டிலேயே எண்ணிக்கொண்டு போவது நல்லது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோ, கணினியோடு இணைத்த எலக்ட்ரானிக் தராசோ இருந்தால் அதன் வயரின் முனையைப் போட்டோ எடுத்துச் செல்லுங்கள். இன்றைய லேப்டாப்பில் அந்த இடமே இல்லாமல் போகலாம். மாற்றுவதற்குக் கன்வெர்ட்டர் வேண்டும்.

விடலாம் என்பவை: விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு, தொடுதிரை, மெல்லிய உடல், ஐ7 போன்ற உயர்ந்த பிராசஸர். பில் போடுவதற்கு ஐ3 தாராளம். நம் லேப்டாப் மேசையை விட்டு நகரப் போவதில்லை. எடை அரைக் கிலோ கூடினால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

புதிதா, கைமாறியதா?

பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டு ஓட்டிவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகை லேப்டாப்புகள் சீர் செய்யப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. அலுவலக உழைப்புக்கென்றே கட்டப்பட்டவை. பெரும்பாலானவற்றில் எஸ்எஸ்டியை எளிதாக மாற்றலாம், உதிரிப் பாகமும் கிடைக்கும். நம் தொகைக்கு, மிக மலிவான புதியதைவிட இவை மேலாக அமைவது உண்டு. ஆனால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் பருப்பு வாங்காத நாம், இதையும் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

முதலில் பிராசஸர் எண்ணைப் பார்க்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்பிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். இன்று ஓடும், ஆனால் அப்படி ஏற்றியவற்றுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாப்ட் பொறுப்பேற்பதில்லை. அடுத்து, விண்டோஸ் முறையான லைசென்ஸோடு ‘ஆக்டிவேட்’ ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் காட்டச் சொல்ல வேண்டும். பழைய கம்பெனியின் பயாஸ் பாஸ்வேர்டோ பூட்டோ நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விண்டோஸிலேயே அறிக்கையாக எடுக்கலாம்; புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிறையும் கொள்ளளவும் அதில் வரும். பாதிக்கும் கீழே இருந்தால் புது பேட்டரி கேளுங்கள், அல்லது விலையைக் குறையுங்கள். கடைசியாக, கேரண்டி எத்தனை மாதம் என்பதை வாய்ச் சொல்லாக இல்லாமல் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

பில்லும் வரியும்

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடைப் பயன்பாட்டுக்காக நம் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு முறையான வரி பில் வாங்கினால், சாதாரண முறையில் வரி கட்டும் வியாபாரிகள் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. வரியை வரவாக எடுத்துவிட்டால் அதே தொகையைச் சொத்து மதிப்பில் சேர்த்துத் தேய்மானம் கேட்க முடியாது. கைமாறிய பொருளுக்கு எந்த வகையில் பில் போடப்படுகிறது என்பதைப் பொறுத்து வரவு மாறலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். ஒரு லேப்டாப்பின் ஆயுளைவிட இது நீண்ட காலம். ஆகவே லேப்டாப் மாறும்போது பழைய ஆண்டுக் கணக்குகளும் கூடவே மாறி வர வேண்டும். மாத ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்கள் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நெருக்கத்தில் லேப்டாப்பை மாற்ற வேண்டாம். விற்பனை உள்ள மாதத்து ரிட்டர்ன் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

கடைக்குள் வைக்கும் முறை

மின்வெட்டின்போது பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடுவதுதான் கடைக்கு லேப்டாப் பொருத்தமாக இருப்பதன் பெரிய காரணம். ஆனால் மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் இடம் நம் இடம். அந்தத் தூசி விசிறிக்குள் போய் அடைத்தால் லேப்டாப் சூடேறி ஆயுள் குறையும். எடை போடும் இடத்திலிருந்து சற்று விலக்கி வையுங்கள். அடியில் காற்றுப் போக வழி விடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

கணக்கின் பிரதி

எஸ்எஸ்டி வேகமானது, ஆனால் அதுவும் ஒரு நாள் போகும். போகும்போது சத்தம் போட்டு எச்சரிக்காது. எனவே லேப்டாப் வாங்கும் பணத்திலேயே இரண்டு பென் டிரைவுக்கும் ஒதுக்க வேண்டும். தினமும் கடை அடைக்கும்போது ஒன்றில் பிரதி. வாரம் ஒரு முறை மற்றொன்றில் பிரதி எடுத்து வீட்டில் வைப்பது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பர் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்க முடியாது. லேப்டாப்பும் பிரதியும் ஒரே மேசை டிராயரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பதும் அவசியம். திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை.

பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். நம் கொள்முதல் விலையும் வாடிக்கையாளர் பாக்கியும் பிறர் கைக்குப் போக வேண்டியவை அல்ல.

எங்கள் கடையில் இப்போது ஓடுவது கைமாறிய லேப்டாப்தான். அவசரத்தில் வாங்கிய அந்த அழகுப் பெட்டியை வீட்டுப் பிள்ளைகள் படிப்புக்கு வைத்திருக்கிறார்கள். இரவு கல்லாவை எண்ணி முடித்ததும் பென் டிரைவைச் சொருகுவது பழக்கமாகிவிட்டது; ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. இதைப் படிக்கும் வணிக நண்பர்கள் லேப்டாப் மாற்றுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளினாலும் தள்ளலாம்; பிரதி எடுப்பதை மட்டும் இன்று இரவே தொடங்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.