முன் சக்கரத்தில் கேட்கும் ‘டொக் டொக்’ ஓசை

நமது அங்கத்தினர்களில் பலர் இந்நாளில் கார் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒருவர் ஓட்டிக் கழித்ததை மற்றொருவர் வாங்கியதாகவே இருக்கும். நூல் வாங்கிவரவும், சேலைக் கட்டுகளைக் கொண்டுபோகவும், மல்லி, மிளகாய் மாதிரிகளோடு விருதுநகர் மண்டிக்குச் செல்லவும் அவ்வண்டியே உதவுகிறது. சாலை சற்று மேடுபள்ளமானால் முன்புறத்தில் ‘டொக் டொக்’ என்று அடிக்கிறதென்றும், பட்டறையில் பணம் செலவழித்தும் அது நிற்கவில்லையென்றும் அவர்களுள் சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறோம்.

நமக்கும் இந்த அனுபவம் வாய்த்தது. ஒரு பட்டறையில் சொன்னபடி முன்பக்கத்து ஷாக் அப்சர்பர்கள் இரண்டையும் மாற்றிக்கொண்டு சிவகாசியிலிருந்து திரும்புகையில், திருத்தங்கல் தாண்டுமுன்பே பழைய ஓசை பழையபடி எழுந்தது. பின்னர் வேறொரு மெக்கானிக் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இடப்புறத்து லிங்க் ராட் தேய்ந்திருப்பதைக் காட்டினார். அதன் விலை நாம் முன்பு கொடுத்ததில் ஒரு சிறு பங்கே. முதல் பட்டறையாரை மட்டும் நோவதில் நியாயமில்லை. ஓசை எப்போது எழுகிறதென்று அவர்கள் கேட்கவில்லை. நாமும் கவனித்துச் சொல்லவில்லை.

நமது ஜில்லாவில் இத்தொல்லைக்கு மண்ணும் ஒரு காரணம். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண், பருத்தி போடுகிறவர்கள் நன்கறிந்தபடி, ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பிப் பெருக்கும். சித்திரை வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலையும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும். நான்குவழிச் சாலையை விட்டுக் கிராமப் பாதையில் திரும்பியதும் இவ்வுண்மை விளங்கிவிடும். பட்டாசுச் சரக்கும் அச்சுக் காகிதமும் ஏற்றிய லாரிகள் அமுக்கிய பள்ளங்கள் ஒருபுறம். ஊருக்கு ஊர் வேகத்தடைகள் மறுபுறம்.

உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடர் காரை ஓட்டியவர்களுக்கு, முன் சக்கர மூட்டுகளில் அவ்வப்போது கிரீஸ் அடிக்கும் வேலை நினைவிருக்கும். இப்போதைய சிறு கார்களின் அமைப்பு வேறு. மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த முறை அது. ஃபோர்டு கம்பெனியார் 1950இல் லண்டன் மோட்டார் காட்சியில் வைத்த கார்களில் அம்முறை இருந்தது. நம் நாட்டில் 1983இல் வெளிவந்த மாருதி 800 அதனை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. இதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். தூணின் தலையை ஒரு ரப்பர் மவுண்ட் தாங்கும். கீழே, லோயர் ஆர்ம் என்னும் கை சக்கரத்தைப் பிடித்திருக்கும். அக்கை சக்கரத்தோடு சேருமிடத்தில் பால் ஜாயின்ட், வண்டியின் சட்டத்தோடு சேருமிடத்தில் ரப்பர் புஷ். வண்டி திருப்பத்தில் சாயாதபடி இரு பக்கங்களையும் ஒரு குறுக்குக் கம்பி பிணைத்திருக்கும். பல கார்களில் அதன் நுனிகளை மாட்டும் சிறு தண்டுகளே லிங்க் ராட். இப்பந்து மூட்டுகளுக்கு வெளியிலிருந்து கிரீஸ் அடிக்க வழியில்லை. மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கரிசல் புழுதி உள்ளே புகுந்து அரைத்துவிடும்.

தறியில் அமர்ந்தவருக்குக் கோளாறு கண்ணில் படுமுன் காதில் படும். அந்தக் காதை இங்கும் பயன்படுத்தலாம். முதலில் ஸ்டெப்னி, ஜாக்கி, பாட்டரிப் பட்டை, சக்கர நட்டுகள் ஆகியவை இறுக்கமாயுள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும். ஜாக்கி உருளும் ஓசைக்குச் செலவு செய்தவர்களும் உண்டு! பின்பு, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மெதுவாக ஓட்ட வேண்டும். வேகத்தடையின்மேல் இரு முன் சக்கரங்களும் ஒருங்கே ஏறினால் குறுக்குக் கம்பி முறுக்குவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் முறுக்கும். ஆகவே நேராக ஏறும்போது அடங்கியும், ஒற்றைச் சக்கரம் இறங்கும்போது உரத்தும் கேட்டால் லிங்க் ராடையோ, கம்பியைத் தாங்கும் ரப்பரையோ சந்தேகிக்கலாம். பிரேக் போட்டு நிறுத்தும்போதும் மறுபடி கிளப்பும்போதும் ஒரே ஒரு ‘டொம்’ கேட்டால், பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ் கிழிந்து, கை முன்னும் பின்னும் நகர்கிறது. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலே ஸ்பிரிங் விண்ணென்று துள்ளுமானால் தூணின் தலையிலுள்ள மவுண்டைப் பார்க்க வேண்டும். பிரேக்கை இலேசாக மிதித்தபடி ஓட்டுகையில் ஓசை நின்றுபோனால் பிரேக் கட்டைகளே ஆடுகின்றன எனலாம். முழுதும் ஒடித்துத் திருப்பும்போது மட்டும் வரும் ‘டக் டக்’ சஸ்பென்ஷனைச் சேர்ந்ததன்று. அது இஞ்சினிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு.

அடுத்தது கையால் சோதிப்பது. சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கல் வைத்து, முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, அதற்கென்றுள்ள தாங்கியை அடியில் நிறுத்திய பிறகே சக்கரத்தைத் தொட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலை கொடுப்பது உயிருக்கு ஆபத்து. பட்டாசு ஏற்றிய வண்டியாயின் சரக்கை உரிய இடத்தில் இறக்கிய பிறகே எப்பழுதையும் பார்க்க வேண்டும். வெல்டிங் பொறி பறக்கும் பட்டறைக்குள் சரக்கோடு நுழைவதை நினைக்கவும் கூடாது.

சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைக்கையில் ஆட்டமிருந்தால் பொதுவாக ஸ்டியரிங் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கும். மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆட்டமிருந்தால் வீல் பேரிங், அல்லது பால் ஜாயின்ட். இரண்டில் எதுவெனப் பிரிக்க, மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைக்கலாம். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிடில் மூட்டு. ஜாக்கி வைக்கும் இடமும் முக்கியம். தூண் அமைப்புள்ள வண்டியில் சட்டத்தின்கீழ் வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். பத்மினி போல் ஸ்பிரிங்கின் பாரம் கீழ்க்கையில் இறங்கும் வண்டியிலோ அக்கையின்கீழேயே வைக்க வேண்டும். இன்றேல் பாரம் மூட்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும்.

பால் ஜாயின்டில் ஆட்டம் கண்டால் மட்டும் நாள் கடத்தலாகாது. லிங்க் ராட் ஒடிந்தால் வண்டி திருப்பத்தில் அதிகம் சாயும். மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். புஷ் கிழிந்தால் டயர் ஒருபுறமாகத் தேயும். பண நஷ்டம் தான். பால் ஜாயின்டோ, கட்டை வண்டியின் கடையாணி போன்றது. அது கழன்றால் சக்கரம் மடிந்து வெளியே சாய்ந்துவிடும். ஸ்டியரிங் கையிலிருந்தும் பயனில்லை. நான்குவழிச் சாலையில் பின்னால் லாரி வரும் வேளையில் அது நேர்ந்தால் என்னாகுமென்று சொல்ல வேண்டுவதில்லை. தீபாவளிச் சரக்கு போகட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிவைக்காமல், வண்டியை அங்கேயே நிறுத்திப் பாகத்தை வரவழைத்து மாற்றுவதே முறை.

பழுது பார்க்கையில் அருகிருந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புது புஷ்ஷின் போல்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே முற்றிலும் இறுக்கிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். தளர்வாக மாட்டி, பாரம் சக்கரத்தில் இறங்கிய பின்பே இறுதியாக முடுக்கச் சொல்ல வேண்டும். மூட்டையோ லோயர் ஆர்மையோ கழற்றினால் வீல் அலைன்மென்டும் பார்த்துவிட வேண்டும்.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் வெட்கமில்லை. லிங்க் ராடின் பந்து முனையை விரலால் அசைத்தால், நல்லதாயின் இறுக்கமாக எதிர்த்து நிற்கும். தேய்ந்ததாயின் கையில் எடுத்தவுடனேயே தலை தொங்கிவிடும்.