பிள்ளைகள் கொண்டுவந்த ஆமை என்ன ஆமை?

“ஆமை புகுந்த வீடு உருப்படாது” என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதனால், மழைக்குப் பின் அல்லூரில் அகப்பட்ட ஆமையைப் பிள்ளைகள் வாளியில் போட்டுக் கொண்டுவந்தால், சில வீடுகளில் உடனே தூக்கி எறியச் சொல்வார்கள். வேறு சில வீடுகளில் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிடுவார்கள். இரண்டுமே அந்த வாயில்லாப் பிராணியின் உயிருக்கு உலை வைக்கலாம். அது என்ன ஆமை என்று அறிவதே முதல் வேலை.

முதலில் கால்களைப் பாருங்கள். யானையின் கால்போல் தூணாக, விரலிடையில் சவ்வு இன்றி இருந்தால் அது தரை ஆமை. ஆழத் தண்ணீரில் விட்டால் மூழ்கிச் சாகும். சவ்வு இருந்தால் அது நீரை நாடும் ஆமை.

அடுத்து முதுகு. ஓடு தோல்போல் மெத்தென்று, மூக்கு குழல்போல் நீண்டிருந்தால் அது மலாய்க்காரர் ‘லாபி-லாபி’ என்பது. கழுத்தை நீட்டி வெடுக்கென்று கடிக்கும், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

முதுகு கெட்டியாய்க் குவிந்து, முகத்தில் மஞ்சள் கோடுகள் ஓடினால் அடிவயிற்றைக் கவனியுங்கள். அங்கே கீல் வைத்த கதவுபோல் ஓடு மடங்கி, உடம்பு முழுவதையும் மூடிக்கொள்ளும். இதுதான் ‘கூரா-கூரா காத்துப்’. காத்துப் என்றால் மூடுவது. குஞ்சாக இருக்கையில் பெரும்பாலும் நீரிலே கிடக்கும். வளர்ந்தபின் கரையேறியும் திரியும். 2000-ஆம் ஆண்டு முதல் இதன் அனைத்துலக வணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது நம் காட்டு ஆமையே அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்தது, கடையில் காசளவில் வாங்கி, தட்டளவு பெருத்ததும் யாரோ கொண்டுபோய் விட்டது. இதை ஆற்றிலோ குட்டையிலோ விடக்கூடாது. நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும்.

நம் நாட்டு ஆமை நலமாயிருந்தால், எடுத்த இடத்துக்கு அருகிலேயே, சாலைக்கு அப்பால் விட்டுவிடுங்கள். காயம்பட்டிருந்தால் வனவிலங்கு இலாகாவான ‘பெர்ஹிலித்தா’னுக்குத் தெரிவியுங்கள். தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பிராணியை உரிமமின்றி வளர்ப்பது குற்றம்.

ஆமையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் அதன் மேல் இருக்கலாம். பிள்ளைகளைத் திட்டாமல், “எங்கே எடுத்தாய்?” என்று கேட்டு வையுங்கள். அந்த இடம் தெரிந்தால்தான் ஆமையை அதன் வீட்டில் சேர்க்க முடியும்.