ஆப்பிரிக்க விருந்து மேசையில் நம் பிள்ளைகள்

சென்ற விடுமுறையில் உறவினர்களுடன் இரண்டு குடும்பமாக அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகருக்குச் சென்றிருந்தோம். எங்களோடு ஐந்து பிள்ளைகள். ஒருவனுக்குத் தயிர்சோறும் பொரித்த முட்டையும் தவிர வேறெதுவும் இறங்காது. இன்னொருத்தி வெள்ளை நிறத்தில் இருப்பதை மட்டும்தான் சாப்பிடுவாள். குழம்பு சோற்றில் பட்டுவிட்டால் தட்டையே தள்ளிவிடுவான் மூன்றாமவன். இவர்களை அழைத்துக்கொண்டுதான் ஒரு மாலை ஆப்பிரிக்க பஃபே விருந்துக்குப் போனோம்.

அந்த உணவகத்தின் பெயர் போமா. டிஸ்னி நிறுவனத்தின் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற தங்கும் விடுதிக்குள் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விடுதி அது. பின்புறம் புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் மேய்வதைப் பார்க்கலாம். ‘போமா’ என்பது கால்நடைகளை அடைக்கும் பட்டியைக் குறிக்கும் கிழக்கு ஆப்பிரிக்கச் சொல். ஆப்பிரிக்காவின் பல நாட்டு உணவுகளும் அமெரிக்கர்களுக்குப் பழகிய உணவுகளும் அங்கே வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

இதுபோன்ற இடங்களுக்குப் பிள்ளைகளோடு செல்லும் நம் சகோதர சகோதரிகள் இப்போது அதிகம். ஓர்லாண்டோ இல்லாவிட்டால் துபாய், கோலாலம்பூர், லண்டன். எனவே அன்று நாங்கள் கற்றதையும் செய்த தவறையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

உணவைக் கண்டு பிள்ளை ஏன் மிரள்கிறது?

பழகாத உணவைக் கண்டு அஞ்சுவது குழந்தைகளின் இயல்பு. ஏறக்குறைய இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இது அதிகமாக இருக்கும் என்று குழந்தை நல அறிஞர்கள் சொல்கிறார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்டதையும் வாயில் போட்டுவிடாமல் தடுக்கும் ஒரு பாதுகாப்பு இது என்பது அவர்களுடைய விளக்கம். அடம், திமிர் என்று நாம் நினைப்பதில் பாதி, படைத்தவன் வைத்த எச்சரிக்கை உணர்வு.

இதற்கு நபிவழியிலேயே அழகான சான்று இருக்கிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு இறைச்சி நபி (ஸல்) அவர்களின் முன் வைக்கப்பட்டது. கையை நீட்டிய நபியவர்கள், அது உடும்பு என்று சொல்லப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, எம் மக்கள் வாழும் பகுதியில் இது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இதில் எத்தனை பாடங்கள்! பழக்கமில்லாத உணவு பிடிக்காமல் போவது குற்றமல்ல. பிடிக்கவில்லை என்பதற்காக அதை ஹராம் என்றோ கேவலம் என்றோ சொல்லக்கூடாது. விரும்பிச் சாப்பிடுகிறவரைத் தடுக்கவும் கூடாது. அல்லாஹ்வின் தூதருக்கே சில உணவுகளில் நாட்டம் இல்லை என்றால், ஏழு வயதுப் பிள்ளைக்கு இல்லாமல் போவதில் என்ன வியப்பு?

வாயில் திணித்தால் என்ன ஆகும்?

பஃபே உணவகங்களில் நம்மை அவசரப்படுத்துவது பணம். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். டிஸ்னி உணவகங்களில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மூன்று முதல் ஒன்பது வயது வரை சிறுவர் கட்டணம். பத்து வயது நிறைந்துவிட்டால் பெரியவர் கட்டணம்தான். ஒரு ரொட்டித்துண்டோடு எழுந்துவிடும் பிள்ளைக்கு அவ்வளவு தொகை கட்டிய தகப்பனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். “காசு கொடுத்தாச்சு, சாப்பிடு” என்ற வார்த்தை அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் வற்புறுத்தி ஊட்டப்பட்ட உணவைப் பிள்ளைகள் மேலும் வெறுக்கிறார்கள் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. “இதைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்” என்ற பேரமும் அப்படித்தான். ஐஸ்கிரீம் பரிசாகவும் காய்கறி தண்டனையாகவும் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் ஓர் எளிய பங்கீட்டைச் சொல்கிறார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். ஒரு புதிய உணவு பிடித்துப்போக எட்டு முதல் பதினைந்து முறை வரை அது கண்ணிலும் நாவிலும் பட வேண்டியிருக்கலாம். ஒரே இரவில் பதினைந்து முறை ஊட்ட முடியாது. ஆகவே விடுமுறை விருந்தை அறிமுகமாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது தாம் ரசித்துச் சாப்பிடுவது. சிறுவயதிலேயே நபியவர்களுக்குப் பணிவிடை செய்ய வந்த அனஸ் (ரலி) ஒரு தையற்காரர் வீட்டு விருந்துக்கு நபியவர்களுடன் சென்றார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட குழம்பும் வைக்கப்பட்டன. நபியவர்கள் தட்டில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்துச் சாப்பிடுவதை அனஸ் (ரலி) கண்டார்கள். அன்றிலிருந்து தமக்கும் சுரைக்காய் பிடித்துவிட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார்கள். யாரும் அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

பழகிய பெயரில் அறிமுகம் செய்யுங்கள்

ஆப்பிரிக்க உணவு நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. பட்டியல் நாளுக்கு நாள் மாறினாலும் இப்படிப்பட்ட விருந்துகளில் பெரும்பாலும் காணக்கூடியவற்றைப் பாருங்கள்.

உகாலி என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்காச்சோள மாவுக் களி. நம் ஊர்க் கேப்பைக்களியின் உறவு. ஃபுஃபு மேற்கு ஆப்பிரிக்காவில் மரவள்ளிக்கிழங்கு, யாம் கிழங்கு, வாழைக்காய் போன்றவற்றை இடித்துச் செய்வது. இஞ்சேரா எத்தியோப்பியாவின் உணவு. டெஃப் என்னும் மிகச்சிறு தானியத்தின் மாவை நாள்கணக்கில் புளிக்கவைத்துச் சுடுவார்கள். புளித்த தோசை பிடிக்கும் பிள்ளைக்கு இது பிடிக்கலாம். ஜொலோஃப் மேற்கு ஆப்பிரிக்காவின் தக்காளிச் சோறு. கூஸ்கூஸ் வட ஆப்பிரிக்காவின் கோதுமை உணவு. பார்வைக்கு ரவை உப்புமா. சம்பூசாவைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும், அது சமோசாதான். மொராக்கோவில் ரமலானில் நோன்பு திறக்கக் குடிக்கும் ஹரீரா சூப்பில் பருப்பும் கொண்டைக்கடலையும் இருக்கும். “அவங்க ஊரு நோன்புக் கஞ்சி” என்றால் போதும்.

போபோட்டி என்று ஒன்று உண்டு. மசாலா சேர்த்த கொத்துக்கறியில் உலர்திராட்சை போட்டு, மேலே முட்டையும் பாலும் ஊற்றிச் சூளையில் வேகவைப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் மலாய் முஸ்லிம்களின் சமையலில் இதற்குத் தனி இடம் உண்டு. டச்சுக்காரர்கள் அடிமைகளாகவும் கைதிகளாகவும் கேப் நகருக்குக் கொண்டுசென்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து மட்டுமல்ல, இந்தியக் கரையோரங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மக்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். மகாசர் நகர் ஷெய்கு யூசுஃப் அவர்களை டச்சுக்காரர்கள் முதலில் இலங்கைக்கு நாடுகடத்தி, பின்னர் 1694இல் கேப்புக்கு அனுப்பினார்கள். அந்நாட்டில் இஸ்லாம் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு தட்டு உணவைக் காட்டி இத்தனை வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லலாம்.

ஹலால் விஷயத்தில் கவனம்

பிள்ளை எதையாவது சாப்பிட்டால் போதும் என்ற தவிப்பில் நாம் கோட்டை விடக்கூடிய இடம் இது. போமாவில் பிள்ளைகளின் கண்ணை முதலில் பறிப்பது வரிக்குதிரை போலக் கோடு போட்ட சிறு சாக்லேட் இனிப்பு. ‘ஜீப்ரா டோம்’ என்று பெயர். வெளியாகியுள்ள அதன் செய்முறையில் அமருலா என்ற மதுபானம் சேர்க்கப்படுகிறது. மரூலா என்ற ஆப்பிரிக்கப் பழத்திலிருந்து தயாரிக்கப்படும் மது அது. பார்வைக்குக் குழந்தைகள் இனிப்பு, உள்ளே ஹராம். கேட்காமல் எடுத்துக் கொடுத்திருந்தால் நம் கையாலேயே ஊட்டியிருப்போம். அல்லாஹ் பாதுகாத்தான்.

இறைச்சி விஷயத்தில், வேதக்காரர்கள் அறுத்தது, இயந்திர அறுப்பு ஆகியவை பற்றி அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. அதற்குள் இங்கே நுழையவில்லை. நீங்கள் பின்பற்றும் ஆலிமிடம் ஊரிலேயே கேட்டுத் தெளிவு பெற்றுச் செல்லுங்கள். பசித்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை முன் நின்று ஃபத்வா தேடாதீர்கள். நாங்கள் மீனும் காய்கறி உணவும் போதும் என்று முடிவு செய்திருந்தோம். ஆப்பிரிக்கச் சமையலில் பருப்பு, கிழங்கு, கீரை, தானிய உணவுகள் ஏராளம் என்பதால் குறை ஒன்றும் இல்லை.

டிஸ்னி உணவகங்களில் 60 நாட்களுக்கு முன்பிருந்தே இடம் பதிவு செய்யலாம். அப்போதே உங்கள் உணவுக் கட்டுப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். போனதும் சமையற்காரரை அழைத்துத் தரும்படி கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அவர்கள் அன்றாடம் செய்வதுதான் இது. எதில் மது, எதில் பன்றி இறைச்சி, எந்த எண்ணெயில் எது பொரிக்கப்பட்டது, கரண்டி மாறுகிறதா என்று கேட்டறியுங்கள். சந்தேகமானதை விட்டுவிடுவதே பேணுதல்.

எங்கள் தவறு

இனி நாங்கள் வெட்கப்பட்ட இடத்துக்கு வருவோம். களி வைத்திருந்த இடத்தில் எங்களில் பெரியவர் ஒருவர், “என்ன இது, சுவரொட்டிப் பசை மாதிரி இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். உடனே சின்னவன் மூக்கைப் பொத்திக்கொண்டு உரத்த குரலில் “ச்சீ” என்றான். மேசைக்கு அப்பால் ஆப்பிரிக்கச் சகோதரி ஒருவர் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் “ச்சீ” என்பதற்கும் மூக்கைப் பொத்துவதற்கும் மொழி தேவையில்லை. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்தக் களி அவருடைய தாய் அவருக்கு ஊட்டி வளர்த்த உணவாக இருக்கலாம். நம் நோன்புக் கஞ்சியைப் பார்த்து ஒருவர் மூக்கைப் பொத்தினால் நமக்கு எப்படி இருக்கும்?

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இதை எத்தனை ஜும்ஆ மேடைகளில் சொல்லியிருப்போம்! வேண்டாம் என்பது பிள்ளையின் உரிமை. “ச்சீ” என்பது அடுத்தவரின் தட்டில் துப்புவதற்குச் சமம். இந்த வேறுபாட்டை நாங்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு அவன் கற்றது எங்களிடமிருந்துதான்.

இதில் நிறமும் கலந்திருந்ததா என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். இத்தாலி நாட்டு உணவு மேசை முன் அந்தப் பெரியவர் அப்படிச் சொல்லியிருப்பாரா? ஒருவரை அவருடைய கறுப்பினத் தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரலி) அவர்களிடம், உம்மில் இன்னும் அறியாமைக் காலத்துப் பண்பு இருக்கிறது என்று நபியவர்கள் கண்டித்தார்கள். மக்காவில் வதைபட்ட முதல் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்தது ஆப்பிரிக்க மண்ணின் நஜ்ஜாஷி மன்னர். பிலால் (ரலி) அபிசீனிய வழி வந்தவர். இவற்றை மேடையில் பேசிவிட்டு உணவு மேசையில் மறந்தால் என்ன பயன்?

நாங்கள் திரும்பிச் சென்று அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு, உங்கள் வீட்டில் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டோம். அவர் முகம் மலர்ந்தது. கொஞ்சம் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் குழி செய்து, குழம்பை அள்ளும் விதத்தைக் கையால் செய்து காட்டினார். கையால் சாப்பிடலாம் என்றதும் சின்னவனுக்கு ஒரே உற்சாகம். பிஸ்மில்லாஹ் சொல்லி உருட்டினான், குழி செய்தான், இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு மெதுவான குரலில், “வாப்பா, எனக்குப் பிடிக்கல, வச்சிடவா?” என்றான். அவன் தட்டிலிருந்ததை அவன் வாப்பா எடுத்துச் சாப்பிட்டு முடித்தார். அவன் ரொட்டியோடு எழுந்தான்.

அன்று அவன் சாப்பிட்டது இரண்டு வாய்தான். ஆனால் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று யாரையும் நோகடிக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டான்.

சுருக்கமாகச் சில யோசனைகள்

பிள்ளையைப் பட்டினியாக அழைத்துச் செல்லாதீர்கள்; பசி மிஞ்சினால் புதியதை ஏற்கும் பொறுமை இருக்காது. முதலில் தட்டில்லாமல் ஒருமுறை சுற்றிக்காட்டுங்கள். பழகிய உணவு ஒன்று தட்டில் கட்டாயம் இருக்கட்டும். போமா போன்ற இடங்களில் சிறுவர்களுக்குப் பழகிய உணவுகளும் இருக்கும். புதியதில் ஒரு கரண்டி மட்டும் எடுங்கள். பிடித்தால் மீண்டும் போகலாம். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற இறைக்கட்டளை பஃபே மேசைக்கு மிகவும் பொருந்தும். ஊருக்குத் திரும்பிய பின் அங்கு கண்டதில் ஒன்றை வீட்டில் சமைத்துப் பாருங்கள்.

எடை குறைவது, விரல்விட்டு எண்ணக்கூடிய உணவுகளைத் தவிர எதையும் ஏற்காதது, சாப்பாட்டைப் பார்த்தாலே வாந்தி எடுப்பது போன்றவை தொடர்ந்தால் அது வெறும் பிடிவாதம் அல்ல. குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு சிறுவரின் கை தட்டெங்கும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தனக்கு அருகில் உள்ளதைச் சாப்பிடும்படி நபியவர்கள் கனிவோடு கற்றுக்கொடுத்தார்கள். அந்தச் சிறுவர், உமர் பின் அபீ ஸலமா (ரலி), அன்றிலிருந்து தாம் சாப்பிடும் முறை அதுவாகவே ஆனதாகக் கூறுகிறார்கள். கனிவாகச் சொன்ன ஒரு சொல் ஆயுள் முழுவதும் நின்றது. நம் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.